பூட்டில்லாத குரல்

ஜூன் 9, திங்கள்

கோடை விடுமுறை முடிந்து இன்று கோர்ட் திறந்தார்கள். நானும் போனேன்.

வக்கீல்கள் கட்டும் வெள்ளைக் கழுத்துப்பட்டை இனி எனக்குச் சரிப்படாது. அது உட்காரும் இடத்தில்தான் மூச்சுத் துளை இருக்கிறது. பட்டையை மேலே ஏற்றிக் கட்டி, துளையின் மேல் மெல்லிய துணியைத் தொங்கவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். பாதிரியார் மாதிரி இருந்தது. பரவாயில்லை.

ஜனவரியில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். புற்று. எடுத்து, கதிர்வீச்சும் கொடுத்தார்கள்; அதோடு முடிந்தது. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

பார் ரூமில் எல்லாரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். இத்தனை வருஷத்தில் கோவில்பட்டியில் ஒருத்தரும் எனக்காக எழுந்ததில்லை. சிலேட்டில் ‘உட்காருங்கள்’ என்று எழுதிக் காட்டினேன். எழுதி முடிப்பதற்குள் அவர்களே உட்கார்ந்துவிட்டார்கள்.

வாசலில் பேச்சியம்மாள் காத்திருந்தாள். பனையடிச் சந்துக்காரி, அங்கன்வாடியில் உதவியாளர். அந்தச் சந்து வழியாகத்தான் அவள் தெருவே மெயின் ரோட்டுக்குப் போய்வந்தது. போன வருஷம் சித்திரையில் ஆறுமுகநயினார் அதன் வாயில் இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிட்டார்; சந்து தன் நிலம், தன் குடோனுக்குப் போகும் வழி என்கிறார். பேச்சியம்மாளின் மருமகளுக்குப் பிரசவ வலி வந்தபோது ஆட்டோ உள்ளே வர முடியாமல், கட்டிலோடு தூக்கித் தண்டவாளத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தது அவர்கள் அதிர்ஷ்டம். கேட்டைத் தள்ளிப் பார்த்த பேச்சியம்மாளிடம், “தொட்டா கையை வெட்டிருவேன்” என்றாராம் அவர்.

“தெருவுல வேற வக்கீலப் பாக்கச் சொல்லுதாக வக்கீலம்மா. நான் மாட்டேன்னுட்டேன்” என்றாள்.

‘ஏன்?’ என்று எழுதினேன்.

“என் கேஸு உங்களுக்குத்தான தெரியும்.”

பேச்சியம்மாளுக்குப் பேச்சில்லாத வக்கீல். எனக்கே சிரிப்பு வந்தது. சத்தம் வராமல் சிரித்துப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

கழுத்தில் வைத்து அழுத்திப் பேசும் கருவி எனக்கு ஒத்துவரவில்லை. கதிர்வீச்சு கொடுத்த இடம் கெட்டிப்பட்டுவிட்டது. வண்டு சத்தம் மட்டும் வருகிறது. அதை அலமாரியில் வைத்துவிட்டேன்.

இவர் புதிய போனில் ஒரு செயலியைப் போட்டுக்கொண்டு வந்தார். இவர் என்றால் என் வீட்டுக்காரர் சங்கரலிங்கம். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். இரண்டு வருஷத்துக்கு முன் பெண்கள் கல்லூரியில் நான் பேசிய பேச்சின் பதிவை ஏதோ ஒரு கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறார். அதிலிருந்து என் குரலைச் செய்து கொடுத்திருக்கிறார்கள். நாம் தட்டச்சு செய்தால் அந்தக் குரல் வாசிக்கும்.

“என்னமாவது அடிச்சுப் பாரேன்” என்றார்.

‘சாப்பிட்டாச்சா?’ என்று தட்டினேன்.

போன் கேட்டது: “சாப்பிட்டாச்சா?”

என் குரல்தான். ‘ப்’பில் கொஞ்சம் அழுத்தம் கொடுப்பேன், அதுகூட இருந்தது. இவர் எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார். செருப்பு காலில்தான் இருந்தது.

நல்ல வசதி. இடைக்கால மனுவில் வாதாட இது போதும்.

ஜூன் 17, செவ்வாய்

போன் காலையிலேயே சார்ஜ் இல்லாமல் கிடக்கிறதே என்று இவர் கேட்டார். பேட்டரி மட்டமானது என்று எழுதிக் காட்டினேன்.

ஜூன் 29, ஞாயிறு

சின்ன நாத்தனார் மகள் கல்யாணம். இவர் மட்டும் போய்வந்தார். எனக்கு வேலை இருந்தது. அலமாரியில் பழைய சட்டப் பத்திரிகைகளைத் தூசி தட்டி அடுக்கினேன்.

ஜூலை 11, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கேட்டைத் தற்காலிகமாகத் திறந்துவிடக் கோரும் மனு. போனில் சின்ன ஒலிபெருக்கியை மாட்டி மேஜைமேல் வைத்தேன். முன்சீப் இளம் பெண், போன வருஷம்தான் பதவிக்கு வந்தவர், அனுமதித்தார். முதல் பத்து வாக்கியங்களும் அருமையாகப் போயின. பெஞ்ச் கிளார்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பழைய செண்பகவல்லி திரும்பி வந்துவிட்டாள் என்பது போல. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பிறகு மிரட்டலுக்கு வந்தேன். ‘கேட்டைத் தொட்டால் கையை வெட்டிருவேன் என்று பிரதிவாதி கூறினார்’ என்று தட்டினேன்.

போன் ஒரு நொடி யோசித்தது. பிறகு என் குரலில், அதே அழுத்தத்தோடு, சொன்னது: “மன்னிக்கவும். இந்த வாக்கியம் எங்கள் கொள்கைகளுக்கு ஏற்றதல்ல. வேறு விதமாகச் சொல்லிப் பாருங்கள்.”

மறுபடி தட்டினேன். மறுபடியும் அதுவே.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு முன்னால் பரவியது. எதிர்த்தரப்பு வக்கீல் வேலாயுதப்பெருமாள் சிரிக்கவில்லை. என்னோடு ஒரே வருஷத்தில் வக்கீலாகப் பதிவு செய்தவர். மரியாதை தெரிந்தவர், அதனாலேயே ஆபத்தானவர். எழுந்து மெதுவாகச் சொன்னார்: “அம்மா, நண்பருடைய நிலைமைக்கு வருத்தப்படுதேன். ஆனா இப்பப் பேசினது யாரு? வாதி தரப்பு வக்கீலா, அந்தக் கம்பெனியா? எழுத்து மூலமா வாதத்தக் குடுக்கட்டும். இல்லன்னா வக்காலத்த வேற ஒருத்தருக்கு மாத்திக் குடுக்கட்டும்.”

இடைக்கால மனு தள்ளுபடி. மூல வழக்கைச் சீக்கிரம் நடத்தி முடிக்கலாம் என்று மட்டும் முன்சீப் சொன்னார்.

கோபம் சிரித்தவர்கள் மேல் இல்லை. என் தொண்டையிலிருந்து நான் சொல்லாத ஒன்று வந்தது. அதற்கு என் பெயர்தான் ஒட்டியிருந்தது.

ஜூலை 12, சனி

மாடியில் குடியிருக்கும் மெர்லினுக்கு விஷயம் எட்டிவிட்டது. நாசரேத்துப் பெண். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் விரிவுரையாளர். சனிக்கிழமைகளில் கட்டற்ற மென்பொருள் குழு என்று நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு பேசுவாள். நான் இதுவரை சத்தத்தைக் குறைக்கச் சொல்ல மட்டும் மேலே போயிருக்கிறேன்.

“அக்கா, நீங்க தட்டுன ஒவ்வொரு வரியும் அவங்க கம்ப்யூட்டருக்குப் போயி, அங்கேர்ந்துதான் குரலா திரும்பி வருது. உங்க கட்சிக்காரர் ரகசியம் எல்லாம் அவங்ககிட்ட இருக்கு, தெரியுமா?”

தெரியாது. வக்கீல் தொழிலில் முதல் பாடமே கட்சிக்காரர் ரகசியத்தைக் காப்பதுதான்.

அவள் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, மூக்குக்கண்ணாடிக் கூடு மாதிரி திறக்கிறது. மேலே சின்னத் திரை, கீழே கடுகு கடுகாகச் சாவிகள். லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் முழுக் கணினியாம்.

“இதுல இருக்கிற எல்லாத்தையும் கட்டற்றதா மாத்தித் தரேன். எப்படி எழுதிருக்குன்னு திறந்து பாக்கலாம், மாத்தலாம், அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம். எதைப் பேசக்கூடாதுன்னு ஒரு கம்பெனியும் உங்களுக்குச் சொல்ல முடியாது.”

‘திறந்து பார்த்தால் எனக்கு என்ன புரியும்?’ என்று எழுதினேன்.

“சட்டப் புத்தகம் எல்லாருக்கும் புரியுதா? அதுக்காகப் பூட்டி வச்சா நீங்க ஒத்துக்கிடுவீங்களா?”

வக்கீலிடம் இப்படிப் பேசினால் வேறென்ன செய்ய. சரி என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

பெட்டி பேசிவிட்டது. ஆண் குரலா பெண் குரலா என்று சொல்ல முடியாது. தகரத்தில் ஆணியை இழுத்தால் தமிழ் வருமென்றால் அப்படி இருக்கும்.

“வணக்கம். நான் செண்பகவல்லி” என்றது.

இவர் குவளையை எடுத்துக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். வெளியே நல்ல மழை.

மெர்லினின் முகம் வாடிவிட்டது. “கட்டற்றதுல தமிழுக்கு இப்போதைக்கு இதுதான்க்கா ஒழுங்கா ஓடுது. இன்டர்நெட் இல்லாமலே பேசும். ஆனா…”

‘கையை வெட்டிருவேன்’ என்று தட்டினேன்.

“கையை வெட்டிருவேன்” என்றது பெட்டி, தயக்கமே இல்லாமல்.

மேஜையைத் தட்டினேன். அது என் கைதட்டல். மெர்லின் பயந்து எழுந்துவிட்டாள்.

ஜூலை 27, ஞாயிறு

பெட்டிக்குக் ‘கேட்’ சொல்லத் தெரியவில்லை. தமிழில் எழுதியதை எழுதியபடி, ஆங்கில G ஒலி இல்லாமல் வாசிக்கிறது. ‘கேட்டு போட்டார்’ என்றால் யாரையோ கேட்டுவிட்டு எதையோ போட்டார் என்று காதில் விழுகிறது. வழக்கே கேட்டைப் பற்றியது. ‘பஸ்’ என்றால் பாம்பு சீறுகிறது.

மெர்லின் ஒரு கோப்பைத் திறந்து காட்டினாள். எந்த எழுத்தை எங்கே எப்படிச் சொல்ல வேண்டும் என்று வரி வரியாக இருந்தது. யாரோ முகம் தெரியாதவர்கள் உட்கார்ந்து எழுதியது.

“இந்த வார்த்தைக்கு மட்டும் இப்படிச் சொல்லுன்னு கீழ சேத்தாப் போதும். நான் செய்யட்டுமா?”

அவள் கையைத் தட்டிவிட்டேன். நானே சேர்த்தேன். முதல் தடவை முழுக் குரலும் ஊமையாகிப் போனது. ஓர் இடைவெளியைத் தவற விட்டிருக்கிறேன். சரிசெய்து, அவள் சொன்ன கட்டளையைக் கொடுத்தேன்.

“ஆறுமுகநயினார் கேட் போட்டார்.”

கேட். இரும்புக் கேட். காதில் கணீரென்று விழுந்தது. ஜனவரிக்குப் பிறகு நான் ஒன்றைச் சொல்ல நினைத்து, நினைத்தபடியே அது வெளியே வந்தது இன்றுதான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. சித்ரான்னம் செய்தேன், தேங்காய், எலுமிச்சை, புளி மூன்றும். மூச்சு கழுத்து வழியாகப் போவதால் மணம்தான் தெரிவதில்லை, இவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

வார்த்தைகள் சேர்ப்பதில் கை பழகிவிட்டது. முன்சீப், அமீனா, பெஞ்ச், ஜாமீன், பஸ், பட்டா. சமைக்கும்போதுகூட எந்தச் சொல்லைப் பெட்டி கெடுக்கும் என்று யோசிக்கிறேன். சேர்த்ததையெல்லாம் மெர்லின் அந்தக் குரலைப் பராமரிக்கிறவர்களுக்கு அனுப்பினாள். ஏற்றுக்கொண்டார்கள். இன்று மலேசியாவிலிருந்து, கிள்ளானில் வாத்தியாராக இருக்கும் கண்பார்வையற்ற ஒருவர், எழுதியிருந்தார்: “இத்தனை நாளாக என் கணினியில் பஸ் சீறிக்கொண்டிருந்தது. இன்று பஸ்ஸாக வந்தது. திருத்தியவருக்கு நன்றி.”

இவரிடம் காட்டினேன். இரண்டு தடவை வாசித்தார்.

ஆகஸ்ட் 6, புதன்

மதுரை போய் ஸ்கேன் ரிசல்ட் வாங்கினோம். ஒன்றுமில்லை, சுத்தமாக இருக்கிறது. வந்து போர்வைகளையெல்லாம் துவைத்தேன். துவைத்து முடித்த பிறகு தலையணை உறைகளையும் துவைத்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கம்பெனிச் செயலியைப் போனிலிருந்து நீக்கினேன். கட்சிக்காரர் விஷயம் வெளியே போகிறது. வைத்திருப்பது தொழிலுக்கு முறையல்ல. நீக்குவதற்கு முன் சரியாக வேலை செய்கிறதா என்று கொஞ்ச நேரம் சோதித்துப் பார்த்தேன். மத்தியானம் முழுக்க ஆகிவிட்டது.

“அழிச்சுட்டியா?” என்று அடுத்த அறையிலிருந்து இவர் கேட்டார்.

“ஆமாம்” என்றது பெட்டி.

“சரி” என்றார். ரொம்ப நேரம் கழித்து, “காலேஜ்ல பேசின கேசட்டு… அந்தப் பதிவு எங்கிட்ட இருக்கட்டும்” என்றார்.

“இருக்கட்டும்” என்றேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வேலாயுதப்பெருமாள் ஆட்சேப மனு போட்டுவிட்டார். குறுக்கு விசாரணையின்போது வெளியிலிருந்து யாரேனும் இணையம் வழியாக இந்தக் கருவிக்குள் கேள்விகளை அனுப்ப முடியும். சென்ற முறையே கருவி வக்கீலுடையதல்லாத சொற்களைப் பேசியது. ஆகவே கருவியை அனுமதிக்கக் கூடாது. நானாக இருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன். நல்ல மனு.

மெர்லினிடம் கேட்டேன்: “இந்தப் பெட்டியில் நாம் படிக்க முடியாதது ஏதாவது இருக்கிறதா?”

அவள் உதட்டைக் கடித்தாள். “வைஃபை சிப் ஒன்னு இருக்கு. அது ஓடணும்னா கம்பெனிக்காரன் குடுக்கிற ஒரு பூட்டுன நிரலை ஏத்தணும். உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. நான் ஏத்தல. அதனால அது சும்மா தூங்குது.”

“தூங்குகிறது என்றால் எழுப்பலாம் என்று அர்த்தம். கோர்ட்டில் ‘தூங்குகிறது’ என்று சொல்ல மாட்டேன். ‘இல்லை’ என்று சொல்ல வேண்டும்.”

“பலகையோட பத்த வச்சிருக்கான்க்கா. சூடு காட்டித்தான் எடுக்கணும். கொஞ்சம் தவறினாப் பெட்டியே போச்சு. இன்னொன்னு வரவழைக்க மாசக்கணக்காகும்.”

“எடு” என்றது பெட்டி. தனக்கே அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட்ட மாதிரி இருந்தது எனக்கு. ஏற்கெனவே ஒரு தடவை போட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பாலிடெக்னிக் ஆய்வகம். மெர்லின் பெட்டியைப் பிரித்துப் பரப்பி, சுற்றிலும் மஞ்சள் நாடா ஒட்டி, சூடான காற்றை ஊதினாள். விரல் நகமளவு சிப் கிடுக்கியோடு மேலே வந்தது. அதை என் உள்ளங்கையில் வைத்தாள். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

மூடி, பொத்தானை அழுத்தினாள். திரை கறுப்பாகவே இருந்தது. மறுபடி அழுத்தினாள். இல்லை.

“அக்கா, சாரிக்கா” என்று சொல்லிவிட்டு மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. சொல்வது அந்தப் பெட்டிதானே. முதுகில் கை வைத்தேன்.

கூட வந்திருந்த இவர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். “ஏம்மா, இந்த வெள்ளை ஒயரு எங்க போகும்?”

பேட்டரி ஒயர். அதை மாட்டாமலே மூடியிருக்கிறாள்.

மாட்டினாள். எழுத்துகள் மளமளவென்று திரையில் ஏறின. நான் தட்டிய முதல் வரி: “மெர்லின், பிரியாணி வாங்கித் தருகிறேன்.”

ஆய்வகக் காவலாளி வந்து ஏன் இவ்வளவு சத்தம் என்று கேட்டார். சத்தம் போட்டது மெர்லினும் இவரும். நான் மேஜையை மட்டும் தட்டினேன்.

செப்டம்பர் 4, வியாழன்

ஆட்சேப மனு விசாரணை. எதிர்த்தரப்பு திருநெல்வேலியிலிருந்து ஒரு நிபுணரைக் கூட்டிவந்திருந்தது.

எழுந்து தட்டினேன். “கனம் நீதிபதி அவர்களே, நண்பருடைய அச்சம் நியாயமானது. அதனால் கருவியை ஒப்படைக்கிறேன். இதில் ஓடும் எதுவும் பூட்டப்பட்டதல்ல. வெளியோடு பேசும் சிப் இதில் இல்லை. நிபுணர் திருகாணியைக் கழற்றி, எங்கே வேண்டுமானாலும் பார்க்கட்டும். தெரியாததைக் கேட்கட்டும்.”

தகரக் குரலைக் கேட்டுப் பின்வரிசையில் கிசுகிசுத்தார்கள். சிரிக்க யாருக்கும் தோன்றவில்லை.

நிபுணர் சாப்பாட்டு இடைவேளை தாண்டியும் பார்த்தார். திரும்பி வந்து கூண்டில் நின்றார்.

“இதுக்குள்ள வெளியேர்ந்து ஏதாவது அனுப்ப முடியுமா?” என்று முன்சீப் கேட்டார்.

“முடியாதும்மா. வைஃபை இருந்த இடம் காலியா இருக்கு.”

“உங்களால பார்க்க முடியாத பகுதி ஏதாவது உண்டா?”

“இல்லம்மா. ஓடுற நிரல் எல்லாத்துக்கும் எழுதின மூல வரிகளையும் கூடவே வச்சிருக்காங்க.” அவர் கொஞ்சம் தயங்கினார். “உண்மையச் சொன்னா, இங்க இருக்கிறவங்க வச்சிருக்கிற எந்தப் போனப் பத்தியும் நான் இப்படிச் சத்தியம் பண்ண மாட்டேன்.”

அனுமதி கிடைத்தது. வேலாயுதப்பெருமாள் மேஜைமேல் இருந்த தன் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்று ஆறுமுகநயினாரைக் குறுக்கு விசாரணை செய்தேன். கைவலி. ஆனாலும் எழுதியே தீருவேன்.

பழைய நாளில் என் குறுக்கு விசாரணை சரமாரியாக இருக்கும். சாட்சி மூச்சுவிட இடம் தர மாட்டேன். இன்று ஒவ்வொரு கேள்விக்கும் சாவியைத் தட்ட வேண்டும். கோர்ட்டே அந்தச் சின்ன டிக் டிக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு காத்திருந்தது. அதற்குத்தான் நான் பயந்தேன்.

“உங்கள் நிலத்தில் பாதை எதுவும் எப்போதும் இருந்ததில்லை என்கிறீர்கள்?”

“இருந்ததில்ல.”

அடுத்த கேள்வியைத் தட்ட ஆரம்பித்தேன். டிக் டிக். அவர் முன்சீப்பைப் பார்த்தார். தன் வக்கீலைப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்தார்.

“இருந்தா நான் குடோன் கட்டிருப்பேனா?” என்றார், யாரும் கேட்காமலே.

எனக்குப் பளிச்சென்றது. இந்த மௌனம் எனக்குப் பாரமில்லை, அவருக்குத்தான். தட்டியதை அழித்தேன். மறுபடி நிதானமாகத் தொடங்கினேன்.

“சும்மா நாலு பேரு குறுக்க நடப்பாக. அதுக்குப் பேரு பாதையா?” என்றார் அவரே.

வேலாயுதப்பெருமாள் எழுந்தார். “சாட்சி கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லட்டும்.” முன்சீப் சாட்சியிடம் அதையே சொல்லிவிட்டு, அவர் சொன்னதைப் பதிவும் செய்துகொண்டார்.

“அந்த நாலு பேர், உங்கள் குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு நடந்தார்களா?” என்று தட்டினேன். மெதுவாகத்தான். பெட்டி தகரத்தனமாக, ஒரு சொல்லுக்கும் ஏற்ற இறக்கமில்லாமல் கேட்டது. அந்தக் குரலில் கோபமில்லை, கெஞ்சலில்லை. எதிர்த்துப் பாய அதில் பிடியே இல்லை.

அவர் வெடித்துவிட்டார். “யாரக் கேட்டாக? எங்க அப்பா காலத்துலேர்ந்து ஒருத்தரும் எங்களக் கேட்டதில்ல! அவங்க பாட்டுக்கு நடக்காக, மாட்ட ஓட்டுதாக, அப்பா திட்டினாலும் மதிச்சதில்ல. அந்தத் திமிருக்குத்தான் கேட்ட போட்டேன்!”

வேலாயுதப்பெருமாள் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குத் தெரியும். ஒருவர் தயவில் நடந்தால் அது சலுகை. யாரையும் கேட்காமல், ஒளிக்காமல், இருபது வருஷத்துக்கு மேல் நடந்தால் அது உரிமை. நான் நிரூபிக்க வேண்டிய அத்தனையையும் அவர் தன் வாயால் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

“வேறு கேள்வி இல்லை” என்றது பெட்டி.

வராந்தாவில் வேலாயுதப்பெருமாள் பக்கத்தில் வந்தார். “செண்பகவல்லியம்மா, உங்க பழைய குரலுக்குக்கூட நான் இப்படிப் பயந்ததில்ல.”

“நானும்தான்” என்று தட்டினேன்.

அக்டோபர் 9, வியாழன்

இறுதி வாதம். மிரட்டல் பகுதி வந்தபோது பெட்டியின் சத்தத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. “தொட்டால் கையை வெட்டிருவேன்” என்று அது முழுதாகச் சொன்னது. யாரும் சிரிக்கவில்லை. பேச்சியம்மாள் பின்வரிசையில் தன் கையை மடியில் மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நவம்பர் 14, வெள்ளி

ஜெயித்தோம்.

பனையடிச் சந்தில் வாதிகளுக்கு நடைபாதை உரிமை உண்டு. கேட்டை அகற்ற வேண்டும். மறுபடி தடுக்க நிரந்தரத் தடை. பேச்சியம்மாளுக்குத் தீர்ப்பின் மொழி புரியவில்லை. “என்னம்மா, என்னம்மா?” என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள். அவள் பிடியில் என்னால் தட்டவே முடியவில்லை. ஒரு வழியாக விரலை விடுவித்துத் தட்டினேன்.

“நடந்து போங்கள்.”

அவ்வளவு பெரிய சத்தத்தை அந்தக் கோர்ட் கேட்டிருக்காது. முன்சீப் அமைதி அமைதி என்றார். ஆனால் ரொம்ப மெதுவாகத்தான் சொன்னார்.

நவம்பர் 16, ஞாயிறு

இன்று சாம்பாரில் இவர் வெல்லத்தைப் போட்டுவிட்டார். பெட்டியில் நாலு வரி திட்டினேன். இவர் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினார்.

“ஏ, என்னத்துக்குக் கத்துத? எங்கம்மா போடுவா வெல்லம். நல்லாத்தான் இருக்கும்.”

“உங்கள் அம்மா துளி போடுவார்கள். இது பாயசம்.”

“பாயசம்னா குடி!”

ரொம்ப நேரம் சண்டை போட்டோம். இவர் பேசப் பேச நான் தட்டினேன். நான் தட்டி முடிக்கும்வரை இவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருந்துவிட்டுப் பதில் சொன்னார். மெர்லின் மாடிப்படியில் நின்று, சத்தத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்டாள்.

சாம்பார் வாயில் வைக்க முடியவில்லை. இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

நவம்பர் 17, திங்கள்

காலையில் அலுவலகத்தைத் திறக்கும்போதே வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். எட்டயபுரம் பக்கமாம். முன்பின் தெரியாதவள். தோள்பையை இறுக்கிப் பிடித்தபடி உள்ளே வந்தாள்.

என் கழுத்தைப் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த பெட்டியையும் பார்க்கவில்லை.

“நீங்கதான் குறுக்கு விசாரணையில ஆளக் கிறுகிறுக்க வைக்கிற வக்கீலம்மாவா?”

“ஆமாம்” என்றேன். “உட்காருங்கள். என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லுங்கள்.”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சொல்லத் தொடங்கினாள்.